அல்மாவின் தட்டு

2025 ஜனவரி 13, திங்கள்

புது வேலை, முதல் நாள். பியர்பொன்ட்ஸ் வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடம். பாலம் முழுக்கப் பனி வழுக்கல்.

பதினாறு வருடம் டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு ஈயத்தாள் மூடியிருக்கிறேன். எத்தனை இலட்சம் தட்டு என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதில் ஒன்றையாவது ஒரு மனிதர் சாப்பிடுவதை நான் கண்ணால் கண்டதில்லை. இனி எனக்கென்று ஒரு குசினி. கதவில் என் பெயரும் ஒட்டியிருக்கிறது: பிரஷாந்தினி, சமையல் பொறுப்பு. படம் எடுத்துக் கணவர் சாரங்கனுக்கு அனுப்பினேன். "பெரிய ஆள்தான்" என்று பதில் வந்தது. மனுசன் அந்த நேரம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்திருப்பார்.

மூன்று மாடிச் செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து அடைத்து வைத்த வதிவிடப் பாடசாலை. இப்போது அந்த மக்களே அதைத் தங்கள் பண்பாட்டு நிலையமாக்கி நடத்துகிறார்கள். பிள்ளைகளைப் படுக்க வைத்த மேல்மாடியில் இப்போது அவர்களுடைய கிரீ மொழி வகுப்பு. நடு மாடியில் பழைய படங்களும் கடிதங்களும். கீழே சாப்பாட்டு மண்டபம், அதற்குப் பின்னால் என் குசினி.

நிலையத்தை நடத்துகிற டோன் என்கிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவருடைய தாயாரும் இங்கே அடைபட்டிருந்தவராம். விஷயத்தை முதலே சொல்லிவிட்டார். பழைய மாணவர்கள் ஒவ்வொரு புதன்கிழமையும் மேலே கூடுகிறார்கள், மத்தியானம் கடைச் சான்ட்விச்தான் சாப்பிடுகிறார்கள். பாடசாலை மூடிய நாளிலிருந்து கீழே மண்டபத்தில் ஒருவரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இந்த வருடம் மே மாதக் கடைசி வரை அங்கே சாப்பிட்டுப் பார்ப்பது, பிறகு கூடி முடிவெடுப்பது என்று ஏற்பாடு. வேண்டாம் என்றால் மண்டபத்துக்கும் பூட்டு, குசினிக்கும் பூட்டு.

"எத்தினை பேர் வேண்டாம் எண்டால் பூட்டுவியள்?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் எண்டாலும் பூட்டிறதுதான். இது அவையின்ர அறை."

மூன்று விதிகள் தந்தார். மணி அடிக்கக் கூடாது. வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. ஓட்ஸ் கஞ்சி காய்ச்சவே கூடாது. மூன்றையும் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினேன்.

ஜனவரி 24, வெள்ளி

மீன் சூப் மூன்றாம் தரமும் சரிவரவில்லை. டோன் ருசி பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனா இது உங்கட வீட்டுச் சூப்" என்றார். அவர்களுடைய பனொக் ரொட்டி பரவாயில்லை, ரொட்டிக்கு மாக் குழைத்த கைக்கு அது பெரிய வித்தை இல்லை. சூப்பையும் விடமாட்டேன். மண்டபத்தில் முதல் சாப்பாடு பெப்ரவரி ஐந்தில், அதற்கு முன்னம் அது அவர்கள் வீட்டுச் சூப்பாக வந்தாக வேண்டும்.

பெப்ரவரி 5, புதன்

வந்தார்கள்! பதினொரு பேர்.

மண்டப வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். சுவர்களையே பார்த்தார்கள். கடைசியில் சைமன் என்று ஒரு கிழவர், எழுபத்துநாலு வயது வேட்டைக்காரர், "பசிக்குது. சுவரைப் பிறகு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

என் சூப்பை எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுகிறார், இன்னொருவர் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தை வழிக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு வருடத்துக்குப் பிறகு நான் சமைத்தது ஒருவர் வாய்க்குள் போவதைப் பார்க்கிறேன்!

ஜன்னலோரம் அல்மா என்று ஒரு அம்மா. அறுபத்தொன்பது வயது, ஊதினால் பறந்துவிடுவார் போல உடம்பு. அரைக் கிண்ணத்தோடு நிறுத்திவிட்டார். நான் விடுவேனா? அகப்பையும் சட்டியுமாகப் போனேன். கையைக் கிண்ணத்துக்கு மேலே வைத்து மறைத்தார். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே மறைப்பார்கள்! அந்தக் கையை விலக்கி ஊற்றினால்தானே மனம் நிறையும். விரல்களை மெல்ல விலக்கிவிட்டு இரண்டு அகப்பை ஊற்றினேன். "முடியுங்கோ, முடியுங்கோ, மெலிஞ்சுபோய் இருக்கிறியள்" என்று இங்கிலிஷில் சொல்லிச் சிரித்துக்கொண்டு, முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். தலை நிமிராமல் ஒரே மூச்சில் முடித்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாரங்கனிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். "அல்மா எண்டு ஒரு மனுசி, வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டா!"

பெப்ரவரி 7, வெள்ளி

டோன் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

அல்மா அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் காரிலேயே சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாராம். இரண்டு நாளாக மகளைத் தவிர ஒருவருடனும் கதைக்கவில்லை. மகள்தான் டோனுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்.

அல்மாவை இங்கே கொண்டுவந்தது 1962இல், ஆறு வயதில். இதே மண்டபம். சாப்பிட முடியாத பிள்ளைக்குப் பக்கத்தில் மேற்பார்வைக்காரி ஒருத்தி வந்து நிற்பாளாம், தட்டு வெறுமையாகும்வரை. பிள்ளை சத்தி எடுத்தால் —

அதை எழுதமாட்டேன். டோன் சொன்னார், நான் கேட்டேன், போதும்.

ஆனா நான் என்ன செய்தனான்? சாப்பாடுதானே குடுத்தனான்! ரெண்டு அகப்பை கூட ஊத்தினது ஒரு குற்றமோ? மணி அடிக்காதை எண்டினம், வரிசை வேண்டாம் எண்டினம், கஞ்சி வேண்டாம் எண்டினம். பக்கத்தில நிக்காதை எண்டு ஆர் எனக்குச் சொன்னது? எனக்கு எப்பிடித் தெரியும்?

டோனிடமும் இதைத்தான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் கோபப்படவில்லை. "அவ உங்களைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லை. அறையைப் பூட்டச் சொல்லுறா, அவ்வளவுதான்" என்றார்.

ஒருத்தர் சொன்னால் போதும். அப்போ மே மாதத்தோடு என் குசினிக்கும் பூட்டுத்தான்.

பெப்ரவரி 8, சனி

இரவுச் சாப்பாட்டில் நடந்ததைச் சொன்னேன். என் பக்கம் கதைப்பார்கள் என்று நினைத்தேன். சாரங்கன் கதைத்தார்தான். "நீ என்ன நஞ்சே குடுத்தனி? விட்டிட்டு டோர்வலுக்கே வா, திரும்பி எடுப்பாங்கள்" என்றார்.

மகள் வினோஜா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பதினாலு வயது, வீட்டில் தமிழ் கதைப்பதே அபூர்வம்.

"அம்மா, அவ கையால மறைச்சவ எல்லோ? நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"அது சும்மா மறைக்கிறதடி. எங்கட ஆக்கள் மறைக்கிறேல்லையோ?"

"நானும் ஒவ்வொரு நாளும் மறைக்கிறன்."

போதும் என்பதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். தட்டில் நான் இரண்டாம் தரம் போட்ட சோறு அப்படியே இருந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

கண்டனான்.

பெப்ரவரி 10, திங்கள்

டோர்வலுக்குத் திரும்பிப் போகமாட்டேன். முடிவு செய்துவிட்டேன். மே மாதக் கடைசிக்கு இன்னும் நூறு நாளுக்கு மேல் இருக்கிறது. பூட்டுகிறதென்றால் பூட்டட்டும், ஆனால் செய்த பிழையைச் செய்தபடியே விட்டுவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை.

அல்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று விடியவே எழும்பி ஒரு கேக் அடித்தேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறி எனக்குப் பழக்கமில்லை. டோன் கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிரஷாந்தினி, சாப்பாட்டோட மட்டும் போகாதையுங்கோ."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகையும். சாப்பாடு இல்லாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. நாற்பத்துமூன்று வயதாகிறது.

டோன் தானே அல்மாவிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். "அவ வேண்டாம் எண்டால் அதுதான் பதில். ரெண்டாம் தரம் கேக்கிறேல்லை. சரியோ?"

சரி என்றேன். கேக்கைச் சைமனும் மொழி வகுப்புக்காரரும் முடித்தார்கள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

அல்மா வேண்டாம் என்றுவிட்டார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

வீட்டில் பழகுகிறேன். சட்டிகளை மேசையில் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாரங்கன் வெறுந்தட்டோடு ஐந்து நிமிடம் இருந்தார்.

"என்ன, இண்டைக்கு விரதமே?"

"முன்னுக்குத்தானே இருக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ."

கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடம், இவருக்குச் சோற்றுக் கரண்டி எது, கறிக் கரண்டி எது என்று தெரியாது! பருப்புக் கரண்டியால் சோற்றை அள்ளிப் போட்டார். போடட்டும்.

வினோஜா இரண்டு கரண்டி சோறும் ஒரு கோழித்துண்டும் எடுத்தாள். ஒரு துண்டு! போதுமோ என்று கேட்க வாய் உன்னியது. நாக்கைக் கடித்தேன். உண்மையாகவே கடித்துவிட்டேன், இப்போதும் எரிகிறது.

மார்ச் 12, புதன்

மண்டபத்தை மாற்றிவிட்டேன். சாப்பாடெல்லாம் சுவரோரம் ஒரு நீள மேசையில். பெரிய கிண்ணம், சின்னக் கிண்ணம் இரண்டும் வைத்தேன், எதை வேண்டுமென்றாலும் எடுக்கலாம். இரண்டு கதவும் சாப்பாடு முடியும்வரை திறந்திருக்கும். நான் குசினியை விட்டு வெளியே வருவதில்லை. நான்கு கிழமையாக இப்படித்தான்.

இன்றைக்குச் சைமன் குசினிக்குள்ளேயே வந்துவிட்டார்.

"ஏன் ஒளிச்சு நிக்கிறியள்? நீங்கள் முதல் நாள் ரெண்டாம் தரம் ஊத்தினது எனக்கு நல்லாப் பிடிச்சது."

அல்மாவுக்கு நான் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்டைக்கு நானும் அங்கைதான் இருந்தனான், பாத்தனான். அல்மான்ர 'வேண்டாம்' அல்மான்ர. என்ர கிண்ணம் என்ர. ஊத்துங்கோ."

மூன்று தரம் ஊற்றினேன். மூன்று தரமும் கேட்டு ஊற்றினேன். மனுசன் அதற்கும் நக்கல் அடித்தார், பொலிஸ்காரர் மாதிரி விசாரிக்கிறேனாம்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒளிந்து நிற்பதும் ஒரு வீம்புதானே? "ஊற்றவிடாவிட்டால் முகமே காட்டமாட்டேன்" என்கிற மாதிரி. அடுத்த கிழமையிலிருந்து வெளியே வருவேன். ஒவ்வொருவரிடமும் ஒரு தரம் கேட்பேன், முதல் பதிலோடு நகர்ந்துவிடுவேன். எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

அல்மா புதன்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறார். மத்தியானம் மட்டும் கீழே போய்த் தன் காருக்குள் இருந்து சான்ட்விச் சாப்பிடுகிறார். குசினி ஜன்னலால் தெரியும். வெளியே இன்றைக்கு மைனஸ் பன்னிரண்டு.

மார்ச் 26, புதன்

கார் அதே இடத்தில். ஒரு கப் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு வெளிக்கதவு வரை போய்விட்டேன். பிடியில் கை வைத்த பிறகுதான் புத்தி வந்தது. அவர் ஒரு தரம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. திரும்பி வந்து நானே குடித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

எப்போதாவது அல்மா என்னோடு கதைத்தால் என்ன சொல்வது? ஒத்திகை பார்க்கிறேன்.

'எனக்குப் பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். கஞ்சிக்குப் போய் நிற்போம், ஊற்றுகிறவர் ஒரு அகப்பை கூட ஊற்றினால் அன்றைக்கு அவர்தான் எங்களுக்குக் கடவுள். அதனால்தான் எனக்கு ஒருவர் கிண்ணத்தை நிரப்பாமல் இருக்க முடியாது' —

எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் இது என்னுடைய கதை. அல்மா கேட்டவவா என்ர கதையை? இதைச் சொல்லி முடிக்கும்போது அந்த மனுசி எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்துவிடும். அதுவும் ஒரு அகப்பை கூட ஊற்றுகிற வேலைதான்.

சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

அல்மா வந்தார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், நான் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் ஆள் நின்றது தெரிந்தது. கோட்டைக் கழற்றவில்லை. உள்ளே வரவும் இல்லை.

"நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள்?"

"ஓம்."

"டோன் கேட்டவ, உங்களைப் பாக்க விருப்பமோ எண்டு. அப்ப விருப்பமில்லை. இப்ப வந்திருக்கிறன்."

கை முழுக்கச் சவர்க்கார நுரை. துடைக்கவும் தோன்றவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தது, பள்ளிக்கூடம், கஞ்சி, எங்கட ஆக்கள், எங்கட வழக்கம் — எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"நீங்கள் கையை வைச்சு மறைச்சனீங்கள். நான் கண்டனான். கண்டும் ஊத்தினனான். அது என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

என்னை நேரே பார்த்துச் சொன்னார்:

"நீங்கள் நல்ல மனுசி எண்டு சைமன் சொல்லுறான். இருக்கலாம். பிரச்சினை உங்கட சூப் இல்லை. அறுபத்துமூண்டு வருசம் போயிட்டுது. நாலு பிள்ளையள் வளர்த்தனான், ரெண்டு பேரை அடக்கம் செய்தனான், ஆருக்கும் நான் பயமில்லை. ஆனா அந்த அறைக்குள்ள இருந்தா எனக்கு வேண்டாம் எண்டு சொல்ல வாய் வராது. அண்டைக்கும் வரேல்லை. அதாலதான் பூட்டச் சொல்லுறன்."

"சரி" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லும்படி நான் கேட்கவும் இல்லை.

போனபிறகுதான் கவனித்தேன், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

மே 3, சனி

சாரங்கன் இப்போது தானே போட்டுச் சாப்பிட்டு இரண்டு கிலோ கூடிவிட்டார். வினோஜா அதே இரண்டு கரண்டிதான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் ஓடுவதில்லை, இருந்து பள்ளிக்கூடத்துக் கதை ஏதாவது சொல்கிறாள். பாதி பிரெஞ்சு, எனக்கு விளங்குகிறதோ இல்லையோ கேட்கிறேன்.

மே 27, செவ்வாய்

நாளைக்கு முடிவு. அல்மா மனம் மாறினதாக ஒன்றும் தெரியவில்லை என்றார் டோன். நான் மாற்றச் சொல்லிக் கேட்கவும் மாட்டேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

குசினியில் என்னுடையவை இரண்டு கத்தியும் ஒரு ஏப்ரனும்தான். பைக்குள் வைத்தேன். நாளைச் சூப்புக்கு மீன் வெட்டக் கத்தி வேண்டுமே என்று ஞாபகம் வந்து, திரும்ப வெளியே எடுத்தேன். கடைசிச் சமையல் என்றாலும் ஒழுங்காகச் சமைப்பேன்.

மே 28, புதன்

எங்கிருந்து தொடங்குவது?

பன்னிரண்டு மணிக்குப் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். கூட்டம் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே. கொஞ்சம் பிந்தி அல்மா உள்ளே வந்தார். கோட்டு இல்லை. கதைத்துக்கொண்டிருந்த எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நேரே நீள மேசைக்குப் போனார், சின்னக் கிண்ணத்தை எடுத்தார், தன் கையால் சூப்பை ஊற்றினார், நடு மேசையில் போய் இருந்தார். நான் தள்ளி, குசினி வாசலிலேயே நின்றேன். பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிரஷாந்தினி!"

என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனேன். இரண்டு கதிரை இடைவெளி விட்டு நின்றேன். ஒரு கரண்டிதான் குடித்திருந்தார். கரண்டியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எனக்குப் பிடிக்கேல்லை" என்றார். அது மெல்லிய குரலில். பிறகு மூச்சை எடுத்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். "வேண்டாம். எனக்கு வேண்டாம்! எடுத்துக்கொண்டு போங்கோ."

வேறு ஏதாவது தரட்டுமா, ரொட்டி தரட்டுமா, கொஞ்சம் உப்புப் போடட்டுமா — எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

"சரி" என்றேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

எனக்குப் பின்னால் முதலில் சைமன்தான் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அல்மாவின் சிரிப்புக் கேட்டது. எனக்கு அந்தச் சிரிப்பு அதுவரைக்கும் தெரியாது, ஆனாலும் அது அவர்தான் என்று தெரிந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள் என்றும் டோன் சொன்னார். நான் குசினியில் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். என் சமையலை ஒருவர் மூஞ்சிக்கு நேரே பிடிக்கவில்லை என்று சொல்லி, அதற்கு நான் இவ்வளவு சந்தோசப்பட்டேன் என்றால் சாரங்கன் நம்பமாட்டார்.

மூன்று மணிக்கு டோன் கீழே வந்தார். கூட்டத்தில் அல்மா நாலே நாலு வசனம் சொன்னாராம். "அந்த அறைக்குள்ள இருந்து வேண்டாம் எண்டு சொன்னன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போயிட்டா. ஒண்டும் நடக்கேல்லை. பூட்ட வேண்டாம்."

மற்றவர்கள் ஒருவரும் மறுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

பதின்மூன்று பேர். இரண்டு பேர் புதிது, வடக்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள்.

அல்மாவுக்குச் சூப் இன்றைக்கும் வேண்டாமாம். மீனைப் பொரித்தால் சாப்பிடுவாராம், குசினிக்குள் வந்து சொன்னார். தாச்சியை அடுப்பில் வைத்தேன். பொரியும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ரெண்டு துண்டு. மூண்டு இல்லை" என்று விரலையும் காட்டினார்.

இரண்டு வைத்தேன். மூன்றாவதுதான் நல்ல முறுகல், நடுத்துண்டு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை நிறுத்தினேன்.